கொடுக்கும் கை

ஆறுச்சாமியின் மகள் நிச்சயதார்த்தம் பாதியில் நின்றதற்குக் காரணம் நகை இல்லை, ஜாதகம் இல்லை, சாம்பாரில் உப்புக்கூட இல்லை. வீட்டில் வேலை பார்த்த இயந்திரம் தாம்பூலத் தட்டை மாப்பிள்ளையின் அம்மாவிடம் இடது கையால் நீட்டிவிட்டது.

அந்த அம்மாள் பெயர் கோமதி. தட்டைப் பார்த்தார், நீட்டிய கையைப் பார்த்தார், பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். ஆறுச்சாமி கார் கண்ணாடிக்கு வெளியே குனிந்து நின்று, அது மனுசன் இல்லைங்க, மெஷினுங்க, எந்தக் கை என்னன்னு அதுக்குத் தெரியாதுங்க என்று கெஞ்சினார். தெரியாததிடம் தட்டை ஏன் கொடுத்தீர்கள் என்று கண்ணாடிக்கு உள்ளிருந்து கேள்வி வந்தது. கடைசியில் அவரே வேறொரு தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக் கார் வரைக்கும் போய்க் கொடுத்த பிறகுதான் காரியம் நடந்தது.

மறுநாள் காலை அவர் அந்த இயந்திரத்தைச் செய்த இணைகரம் கம்பெனிக்குப் போன் செய்தார். கோவையில் சமையல் காண்ட்ராக்டில் பெயர் வாங்கியவர். பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ரசம் கேட்டுப் பழகிய குரல். போனை எடுத்த பெண் அதைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த குழலிக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

குழலி அங்கே கைகளுக்கு டிரைவர் எழுதுகிறவள். அந்தக் கம்பெனி செய்து விற்ற வீட்டு இயந்திரத்துக்குத் துணையாள் என்று பெயர். சக்கரத்தின்மேல் ஓர் உடம்பு, இரண்டு கைகள், ஒரு மூளை. டம்ளரை எடு என்று மூளை சொன்னால் விரலுக்கு அது புரியாது. மூளையின் பேச்சை மோட்டாரின் பேச்சாக மாற்றிச் சொல்ல நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதுதான் டிரைவர். அது கெர்னல் என்கிற உள்ளறையில் ஓடும். அந்த உள்ளறையில் ஒரு தவறு நடந்தால் ஒரு விரலோடு போகாது, மொத்த ஆளும் உறைந்துவிடும்.

இயற்பியல் படித்துவிட்டு நிரலுக்கு வந்தவள் அவள். பேச்சு குறைவு. மீட்டிங்கில் சொல்ல நினைத்ததை எல்லாரும் எழுந்து போன பிறகு நிரலின் ஓரத்தில் குறிப்பாக எழுதி வைப்பாள். பிறக்கும்போது இடதுகைக்காரி. சாப்பிடும்போது அம்மா இடப்பக்கம் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டதால், பள்ளிக்கூடம் போவதற்குள் சாப்பிடவும் கொடுக்கவும் வாங்கவும் வலது கை பழகிவிட்டது. படம் வரைவதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அது இடது கையிலேயே தங்கிவிட்டது. பதற்றம் வந்தால் இன்றைக்கும் இடது கைதான் முதலில் கிளம்பும். பாதி வழியில் அவளே அதைப் பிடித்து இழுத்துக்கொள்வாள்.

ஆறுச்சாமியின் புகார் முதல் புகார் இல்லை. சேலத்தில் ஒரு துணையாள் விபூதியை இடது கையால் நீட்டியிருந்தது. திண்டுக்கல்லில் கல்லாப் பணத்தை. இனி ஒரு துணையாளும் இடது கையால் யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது என்று மேலிடம் முடிவெடுத்தது. அதைக் குழலியிடம் கொண்டுவந்தவர் அவளுடைய டீம் லீடர் கிருபாகரன். ஆளும் பெரிது, சிரிப்பும் பெரிது.

“பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்லுவாங்க. பீச்சாங்கைப் பிரச்சினை நேரா உன்கிட்டயே வந்துருச்சு பாரு” என்றார்.

குழலி சிரித்துவிட்டு, அதற்குள் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். வலது கை சும்மா இருந்தால் அதனால் கொடுக்கட்டும். அது வேறு வேலையில் இருந்தால் மட்டும் இடது. ஒவ்வொரு முறையும் கொடுக்கப் போகும் நேரத்தில் துணையாளே பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

“ஓடறப்பப் பார்க்கச் சொல்றியா?” கிருபாகரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “உடுமலைக்காரரை மறந்துட்டியா நீ?”

உடுமலைக்காரரை அந்த அலுவலகத்தில் யாரும் மறக்க முடியாது. குழலி சேர்வதற்கு முன் நடந்த கதை. சொன்ன எடையைவிட அதிகமாகத் தூக்க நேர்ந்தால் நின்றுவிடு என்று பழைய மாடல் ஒன்றின் கெர்னலுக்குள் யாரோ ஒரு சோதனை எழுதியிருந்தார்கள். தீபாவளி கழிந்து மறுநாள், ஓய்வுபெற்ற ஒருவரை அது கட்டிலிலிருந்து தூக்கியது. பலகாரம் சேர்ந்த எடை. சோதனை தோற்றது, துணையாள் உறைந்தது. அவரை மார்போடு அணைத்தபடியே உறைந்தது. கோவையிலிருந்து ஆள் போய்ச் சேரும்வரை அவர் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி நின்று அவருக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சோறாக்கறதுக்கு முன்னாடி அரிசியில கல்லு பொறுக்கறது ஒரு வகை” என்றார் கிருபாகரன். “அது கம்பைல் சோதனை. எழுதறப்பவே தப்பு மாட்டிக்கும், தப்பு இருந்தா நிரலே உருவாகாது. வாயில போட்டு, கடுக்குனு கடிச்சதுக்கப்புறம் துப்பறது இன்னொரு வகை. அது ஓடறப்பச் சோதனை. கெர்னல்ங்கறது பந்தி மாதிரி. பந்தியில உட்கார்ந்துட்டு எவனாவது துப்புவானா?”

குழலிக்கு ஒரு பதில் இருந்தது. சில கல் அரிசியில் இருக்காது, இலையில் வந்து விழும். அதை அப்போது அவள் சொல்லவில்லை. வழக்கம்போல ஓரத்தில் எழுதலாம் என்று நினைத்தாள். நிரலை எழுத ஆரம்பித்ததும் அந்த அழகில் அதை மறந்தும்போனாள்.

உண்மையிலேயே அழகாகத்தான் வந்தது. கொடுத்தல் என்ற செயல் வலது கையை மட்டுமே ஏற்கும். யாராவது எந்த மூலையில் இடது கையை வைத்து எழுதினாலும் கம்பைலர் சிவப்பாகக் காட்டி மறுத்துவிடும். இடது கை எடுக்கலாம், பிடிக்கலாம், தூக்கலாம், மேஜையில் வைக்கலாம். ஒரு மனிதக் கை வந்து பொருளைப் பற்றும்போது விரலைத் திறந்துவிடுவது மட்டும் அதற்குக் கிடையாது. அதுதானே கொடுப்பது. கொடுக்காதே என்று யாரும் அதற்குக் கட்டளை போடவில்லை. கொடுப்பது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தக் கைக்குத் தெரியாது. ஓடும்போது ஒரு கேள்வியும் இல்லை, ஒரு நொடியும் வீணில்லை. கிருபாகரன் படித்துவிட்டு, “கல்லு பொறுக்கியாச்சு” என்று மேஜையைத் தட்டினார்.

நாடு முழுக்கத் துணையாட்கள் ஓர் இரவில் மரியாதை கற்றுக்கொண்டன. கம்பெனி அதை விளம்பரமாகவே போட்டது. கல்யாண மண்டபங்கள் ஜோடி ஜோடியாக வாங்கின. ஆறுச்சாமி தன் துணையாளுக்கு ராசு என்று பெயர் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதன் கையால் வெற்றிலை கொடுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். ஒரு வாடிக்கையாளர் பாராட்டி எழுதியிருந்தார்: என் பையன் இடது கைக்காரன், எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டான், இப்போது துணையாளைக் காட்டித்தான் திருத்துகிறேன், மெஷினுக்கே தெரிகிறது உனக்குத் தெரியவில்லையா என்று கேட்டால் தலை குனிந்துகொள்கிறான். அலுவலகத்தில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். குழலி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

சர்வீஸ் பிரிவில் மட்டும் ஒரு முணுமுணுப்பு இருந்தது. வரும் துணையாட்களுக்கெல்லாம் வலது தோள் தேய்ந்திருக்கிறது, இடது தோள் பெட்டி பிரித்த நாள் போல இருக்கிறது என்றார்கள். புதுத் தோளை விற்றால் லாபம்தானே என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. ஆறுச்சாமி இல்லை, கோமதியம்மாள்.

“உங்க மெஷினோட கையை நான் ஒடைச்சுப்போட்டேன். வந்து பார்த்துக்கங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கிருபாகரனும் குழலியும் போனார்கள். ராசு சமையலறையில் நின்றுகொண்டிருந்தது. இடது மணிக்கட்டு நசுங்கி, விரல்கள் தனியாகத் தரையில் கிடந்தன. கோமதி பக்கத்தில் நிற்க, ஆறுச்சாமி ஹாலில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய குரல் பாதியாகியிருந்தது. நாள் முழுக்க அடுப்புப் புகை தின்ற நுரையீரல், வருடக்கணக்காக வீசிங். அதற்காகத்தான் வேலைக்கு வெளியூர் போன மகள் துணையாளை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நடந்ததை அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மணமேடையில் பெண் கால் வைக்கப்போகும் அம்மியைப் பார்க்கச் சம்பந்தியம்மாள் வந்திருந்தார். வந்தவருக்கு விருந்து வைக்க ஆறுச்சாமி தானே மிளகாய் வறுத்தார். நெடி ஏறியது. மூச்சு அடைத்தது. ராசு ஒரு குறையும் வைக்கவில்லை. சாயப்போனவரை வலது கையை அக்குளில் கொடுத்துத் தாங்கியது. இடது கையால் அலமாரியிலிருந்து இன்ஹேலரை எடுத்து அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்தது. அவர் பற்றி இழுத்தார். விரல் திறக்கவில்லை.

குழலிக்கு மேற்கொண்டு அவர் சொல்லவே தேவையில்லை. வலது கையால் கொடுக்க வேண்டும் என்றால் அவரை விட வேண்டும்; மனிதரைக் கீழே விடக் கூடாது. மேஜைமேல் வைக்கலாம் என்றால் கைக்கெட்டும் தூரத்தில் மேஜை இல்லை. இடது கைக்குக் கொடுக்கத் தெரியாது. உறையவில்லை, பிழை காட்டவில்லை. அவள் எழுதியது எழுதியபடியே, துளி பிசகாமல் ஓடியிருக்கிறது.

“கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லீட்டே நிக்குது” என்றார் கோமதி. “மூச்சு பொறுக்குமா அம்மணி? நான் ஹால்ல அம்மியைப் பார்த்துட்டு இருக்கறேன். என்னடா இது, ஒரே பாட்டைப் பாடுதேன்னு எட்டிப் பார்த்தா சம்மந்திக்கு மூஞ்சி நீலம் பாரிச்சுக் கெடக்குது.”

பிறகு அவர் நடித்தே காட்டினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹாலில் கிடந்த அம்மிக்குழவியை வலது கையில் தூக்கினார். ஓடினார். ராசுவின் நசுங்கிய மணிக்கட்டுக்கு மேலே ஓங்கி நிறுத்தினார். ரெண்டு போடு இப்படி, என்றார். குனிந்து, கீழே விழுந்த விரல்களுக்குள்ளிருந்து இன்ஹேலரைப் பிடுங்குவதுபோல் காற்றைப் பிடுங்கினார். நிமிர்ந்து, ஹாலுக்குத் திரும்பி வந்து, விசிறிக்குக் கீழே இருந்த ஆறுச்சாமியின் கையில் அதை வைத்து அழுத்தினார். ஆறுச்சாமி இல்லாத இன்ஹேலரை வாங்கி, தன்னை அறியாமல் ஒரு மூச்சு இழுத்தார்.

குழவி அப்போதும் கோமதியின் வலது கையில்தான் இருந்தது.

பார்த்துக்கொண்டிருந்த மூவரில் குழலிக்கு மட்டும் அது கண்ணில் பட்டது. வாழ்நாள் முழுக்கத் தன் இடது கையையே கவனித்துக்கொண்டு வளர்ந்தவளுக்கு அடுத்தவர் கை தெரியாமல் போகாது.

கிருபாகரனுக்குச் சூழலைக் கொஞ்சம் இலேசாக்கத் தோன்றியிருக்க வேண்டும். “அந்த அவசரத்துல நீங்க எந்தக் கையில கொடுத்தீங்கம்மா?” என்று சிரித்தபடி கேட்டார்.

“இதென்ன கேள்வி? சோத்தாங்கையிலதான்” என்றார் கோமதி. “சாகக் கெடந்தாலும் மனுசனுக்கு மரியாதை தெரியாதா?”

“ஆமாங்க, சோத்தாங்கையிலதான் வாங்குனேன்” என்றார் ஆறுச்சாமி.

இருவர் முகத்திலும் பொய் இல்லை.

கோபப்படுவார்கள், கேஸ் போடுவார்கள் என்று பயந்து வந்த கிருபாகரனுக்கு அங்கே கிடைத்தவை இரண்டு கோரிக்கைகள்தான். ஒன்று கோமதியுடையது: குழவியில் ஓரம் பெயர்ந்துவிட்டது, மூளிக் குழவியைக் கல்யாணத்தில் வைக்க முடியாது, கம்பெனி செலவில் புது அம்மி வேண்டும். இன்னொன்று ஆறுச்சாமியுடையது.

“என்ற மேலயும் தப்பு இருக்குதுங்க. அன்னைக்குப் போன்ல கத்துனது நாந்தானே. கையை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துருங்க, ராசு இல்லாம எனக்கு ஆகாது. ஆனா ஒண்ணுங்க, கல்யாணத்தன்னைக்கு நாலு பேர் முன்னால அது பீச்சாங்கையில எதையாச்சும் நீட்டிப்போடக் கூடாது. அந்த மரியாதையை எடுத்துப்போடாதீங்க.”

சம்பந்தியம்மாள் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

திரும்பும்போது காரில் கிருபாகரன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். விலக்குப் பட்டியல். இன்ஹேலர், மாத்திரை, தண்ணீர், இப்படி அவசரப் பொருள்களுக்கு மட்டும் இடது கைக்கு அனுமதி. பட்டியலைக் கம்பைல் செய்யும்போதே உள்ளே வைத்துவிடலாம். ஓடும்போது கேள்வி இல்லை, உறைகிற பயம் இல்லை, மரியாதையும் அப்படியே இருக்கும்.

சிங்காநல்லூர் சிக்னலில் கார் நின்றது. குழலி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “கண்ணாடிங்கண்ணா?” என்றாள்.

“எது?”

“மூக்குக் கண்ணாடி. அதில்லாம ஒருத்தர் மாடிப்படியில நிக்கறாரு. இல்லைன்னா வீட்டுச் சாவி. உள்ள புகை, கதவு பூட்டியிருக்குது.”

“பட்டியல்ல சேர்த்துக்கலாம்.”

“அடுத்தது எதுன்னு நமக்குத் தெரிஞ்சிருந்தா இன்ஹேலரும் முன்னாடியே பட்டியல்ல இருந்திருக்குமுங்கண்ணா.”

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. சிக்னல் பச்சையாகியும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அவள் தன் அழகான நிரலைப் பிரித்தாள். சோதனையை ஓடும் நேரத்துக்கு மாற்றினாள். கொடுக்கும் தருணம் வரும்போது நிரல் இரண்டு கேள்விகள் கேட்கும். வலது கை விட முடியாத வேலையில் இருக்கிறதா? எதிரில் இருப்பவர் பொருளைப் பிடித்து இழுக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் இடது கை விரலைத் திறக்கும். மற்ற எந்த நேரத்திலும் வலது கைதான். பதில் கிடைக்காமல் போனாலும் உறையாது, திறந்துவிடும். உடுமலைக்காரருக்காக அதைச் சேர்த்தாள். கம்பைல் சோதனையையும் அவள் முழுக்கத் தூக்கி எறியவில்லை. அந்த இரண்டு கேள்விகளைக் கேட்காமல் கொடுக்கும் வழி எதையாவது நாளைக்கு யாராவது எழுதினால், அந்த நிரல் உருவாகாது.

கிருபாகரன் ஒரு கையில் டீ கிளாஸோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். கடைசிப் பகுதியில் புருவம் உயர்ந்தது. கேள்வி கேட்கப்படுகிறதா என்பதைக் கம்பைல் சோதனையே பார்த்துக்கொள்கிறது, அது சரி என்றார். பிறகு திரையை மேலும் கீழும் உருட்டித் தேடினார்.

“எச்சரிக்கை எங்கே?”

ஓடும்போது ஒரு சோதனை வழக்கத்தை மீறினால் அது அலுவலகத்துக்கு ஒரு வரி அனுப்பும். இன்ன வீட்டில், இன்ன நேரத்தில், இன்னது நடந்தது. அது அங்கே வேலை பார்க்கும் முறை. குழலி அதை எழுதவில்லை.

“அதை விடு, குறைஞ்சது மெஷின் வாயைத் திறந்து ஒரு மன்னிப்பாவது கேக்கணுமில்ல? ‘இடது கைங்க, தப்பா நினைச்சுக்காதீங்க’ன்னு. நம்மளே சொல்லுவோமே.”

“அவங்க சொல்லலீங்களே” என்றாள் குழலி.

“எவங்க?”

கோமதியம்மாள் நடித்துக் காட்டியதில் தான் பார்த்ததைச் சொன்னாள். கிருபாகரன் நம்பவில்லை. நானும்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், அந்தம்மா வலது கையால்தான் கொடுத்தார், வாங்கினவரே அதைச் சொன்னாரே என்றார். குழவி எந்தக் கையில் இருந்தது என்று கேட்டாள். அது ஞாபகம் இல்லை என்றார்.

வாதாடுவது குழலிக்கு வராது. லேப்டாப்பைப் பார்த்தாள், பேட்டரி குறைந்துகொண்டிருந்தது.

“அண்ணா, அந்தச் சார்ஜரைக் கொஞ்சம் கொடுங்க.”

அவர் பக்கத்து மேஜையிலிருந்து சார்ஜரை எடுத்து நீட்டினார். “இப்ப நான் என்ன கேக்கறேன்னா” என்று தொடர்ந்தார். குழலி வாங்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். டீ கிளாஸ் வலது கையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சார்ஜர் இடது கையில் தொங்கியது.

பிறகு அந்தப் பெரிய சிரிப்பு வந்தது. ஆனால் சத்தம் குறைவாக.

“இருந்தாலும் இது மறைக்கிற மாதிரி ஆகாதா? அவரு கேட்டது மரியாதை.”

“மறைக்கலீங்கண்ணா. நிரல்ல எழுதித்தானே இருக்குது, யார் வேணா படிக்கலாம். சத்தம் போடாது, அவ்வளவுதான்.” சார்ஜரை வாங்கிக்கொண்டாள். எந்தக் கையால் என்று அவளே கவனிக்கவில்லை. “அவங்களுக்கே ஞாபகம் இல்லை. மெஷினுக்கு எதுக்குங்க?”

கிருபாகரன் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். விளம்பரப் பிரிவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மேலிடத்துக்கு, பழுது சரிசெய்யப்பட்டது என்று அனுப்பினார். அது உண்மைதான்.

கல்யாணத்துக்கு இரண்டு பேரையும் ஆறுச்சாமி விடாமல் அழைத்திருந்தார். புது அம்மி மேடையில் மஞ்சள் பூசிக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ராசுவுக்குக் கழுத்தில் மல்லிகைச் சரம். சந்தனம், கல்கண்டு, வெற்றிலை எல்லாம் வாசலில் அதன் வலது கையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. கோமதியம்மாள் ஒரு தூணோரம் நின்று அதைக் கண்காணித்தார். குழலி இன்னொரு தூணோரம் நின்று இரண்டு பேரையும் கண்காணித்தாள்.

ஓமப் புகை கிளம்பியது. நெய் ஊற்ற ஊற்ற மேடை மங்கியது. முகூர்த்த நேரத்துக்கு ராசுவைப் பக்கத்தில் வரச்சொல்லி நிறுத்தியிருந்த ஆறுச்சாமி முதலில் மூக்கைத் துண்டால் பொத்தினார். பிறகு மார்பைப் பிடித்தார். பிறகு மெல்லச் சாய்ந்தார். அய்யர் கையைத் தூக்க, கெட்டிமேளம் வெடித்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தாலியைப் பார்த்து அட்சதை வீசினார்கள்.

ராசுவின் வலது கை அவர் அக்குளுக்குள் போனது. இடது கை அவர் சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தது. அவர் அதைப் பற்றி இழுத்தார்.

குழலி தூணை விட்டு எட்டிப் பார்த்தாள். தூரத்தில் நான்கு விரல்களும் ஒரு கட்டை விரலும், பூ விரிவதுபோலக்கூட இல்லை, சும்மா, ஒரு கை திறப்பதுபோலத் திறந்தன. ஆறுச்சாமி வாயில் வைத்து அழுத்தினார். ஒரு முறை, இன்னொரு முறை. நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையா, மகளா என்று தெரியவில்லை. கீழே கிடந்த அட்சதையை அள்ளி அவரும் வீசினார்.

கோமதியம்மாள் அட்சதை வீசவில்லை. கையை ஓங்கியபடியே, மருமகளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ராசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கப் பார்த்திருக்கிறார். குழலி கிருபாகரனின் சட்டைக் கையைப் பிடித்தாள். அவரும் பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. போச்சு, இந்தத் தடவை காரில் போய் உட்காரமாட்டார், நம்மைத்தான் உட்கார வைப்பார் என்று காதோடு சொன்னார்.

பந்தியில் அவர்கள் இலைக்கு எதிரே கோமதியம்மாள் வந்து நின்றார். கிருபாகரன் பாயசத்தில் பார்வையைப் புதைத்துக்கொண்டார். குழலிக்கு அந்த வசதியும் இல்லை. அவள் இலைக்குப் பாயசம் இன்னும் வரவில்லை.

“அம்மணி, நீதானே அதோட கைக்கு எழுதறவ?”

“ஆமாங்க.”

“இப்பத்தான் ஒழுங்காக் கத்துக் கொடுத்திருக்கறீங்க. நான் பார்த்துட்டேதானே இருந்தேன்.” குனிந்து, அவள் இலையில் இன்னொரு லட்டு வைத்தார். “சம்மந்தி சாயறாரு, ஒரு பதட்டம் இல்லை அதுக்கு. என்ன பதனமா எடுத்துக் கொடுத்துச்சு, அதுவும் சோத்தாங்கையில.”

கிருபாகரனுக்குப் பாயசம் புரையேறியது. இருமினார். கோமதியம்மாள் அவர் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பார்த்துச் சாப்பிடுங்க தம்பி என்றார்.

குழலி லட்டைப் பார்த்தாள்.

“ஆமாங்கம்மா” என்றாள்.